கழல மறுத்த நட்டு

போன வருஷம் அக்னி நட்சத்திர சமயம். என் கணவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து, காலடிப்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் அவர் உடம்பு கொதித்தது. கட்டைப் பிரித்துப் பார்த்தால் தையல் போட்ட இடத்தில் சீழ். பதறிப்போய் டாக்டருக்கு போன் பண்ணினேன். "தள்ளிப்போடாதீங்க, உடனே கொண்டு வாங்க. ஆனா உட்கார வைக்கவே கூடாது, படுத்தபடியேதான் வரணும்" என்றார்.

ஆம்புலன்ஸ் கேட்டால், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழியெல்லாம் நிற்கின்றன, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போர்வையோடு அவரைத் தூக்கி, எங்கள் காரின் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த லாரிகளுக்கு நடுவே தனியாக ஓட்டியதே இல்லை. வேறு வழியும் இல்லை.

கடலோரச் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் இடது பக்கமாக இழுத்தது. எப்படியோ ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், முன் டயர் கிழிந்து தரையோடு தரையாகக் கிடந்தது. பின்சீட்டிலிருந்து அவர், "வந்துட்டோமா?" என்று முனகினார்.

கை காட்டினேன். யாரும் நிற்கவில்லை. கடைசியில், காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு ஆட்டோ எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்து நின்றது. ஓட்டுநரும், மீன் விற்கிற ஒரு அக்காவும் இறங்கினார்கள்.

"இன்னாமா ஆச்சு? உள்ள யாரு?" என்று எட்டிப் பார்த்த அந்த அக்கா, அவர் முகத்தைப் பார்த்ததுமே ஓட்டுநரிடம், "நைனா, சட்டுனு டயர மாத்திக் குடு" என்றார்.

ஓட்டுநர் எங்கள் வண்டியின் ஸ்பேனரை எடுத்து நட்டுகளைத் தளர்த்தினார். மூன்று இளகிவிட்டன. நான்காவதில் ஸ்பேனர் உட்காரவே இல்லை. குனிந்து உற்றுப் பார்த்தார்.

"அக்கா, இது பூட்டு நட்டுக்கா. சக்கரத்த எவனும் கயட்டிக்கினு போவக்கூடாதுன்னு போடறது. இதுக்குன்னு தனியா ஒரு சாவி கீது. அது இல்லாம அசையாது."

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. டேஷ்போர்டில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் தேடினேன். கதவு இடுக்கிலெல்லாம் கை விட்டுப் பார்த்தேன். எங்கும் இல்லை. அவரைத் தட்டிக் கேட்டபோது, "வண்டியில வெச்சா... திருடனுக்குத் தோதா போயிடும்னு... வீட்டுல..." என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அழுதுவிட்டேன். வீட்டுக்குப் போனால் அவரை யார் பார்ப்பது? போகாமல் இருந்தால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

அந்த அக்கா ஆட்டோவிலிருந்து மீன் கூடைகளை மடமடவென்று இறக்கி வெயிலில் வைத்தார். "அழுவாத கண்ணு. நீ ஆட்டோல போய் எட்துகினு வா. நான் இவராண்ட கீறேன்" என்றபடி பின்கதவைத் திறந்து, அவர் தலைமாட்டில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநர் தளர்த்திய நட்டுகளைத் திரும்ப இறுக்கிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார். யாரென்றே தெரியாத ஒருவரிடம் கணவரை விட்டுவிட்டுப் போகிறேனே என்று வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டில் பீரோவைக் கலைத்தேன். அலமாரியை, டிவி மேஜையை, அவர் சட்டைப் பைகளைப் பார்த்தேன். கிடைக்கவில்லை. காரில் அவரிடம் இருந்த போனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். எடுத்தது அந்த அக்கா.

"நான்தாம்மா. இரு, கேட்டுச் சொல்றேன்." அவர் முனகுவதும், அந்த அக்கா அவர் வாயருகே குனிந்து திரும்பத் திரும்பக் கேட்பதும் காதில் விழுந்தது. "பிரிட்ஜு மேல பிஸ்கட் டப்பாவாம். சாவி மாரி இருக்காதாம்மா, கட்டவெரலு அளவுக்கு இரும்பு மூடி மாரி இருக்குமாம்."

டப்பா நிறையப் பழைய பூட்டுகள், ஆணிகள், திருகுகள். பொறுக்கிப் பார்க்கப் பொறுமையில்லை. டப்பாவோடு ஓடி வந்து ஆட்டோவில் ஏறினேன்.

திரும்பி வந்தால், கார் நின்ற இடத்தில் கார் இல்லை.

"எங்கேப்பா வண்டி, எங்கேப்பா அவரு?" என்று நான் கத்த, ஓட்டுநரும் திகைத்துப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். அப்போதுதான் கொஞ்சம் தள்ளி, லாரிகள் எடை போடுகிற இடத்தின் கேட்டருகே அந்த அக்கா முந்தானையை ஆட்டிக் கூப்பிடுவது தெரிந்தது. பின்னால் வந்த லாரிகள் உரசுகிற மாதிரி போனதால், அங்கிருந்த ஆட்களைக் கூட்டி, காரை அலுங்காமல் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்.

கதவைத் திறந்தேன். அவர் நெற்றியில் ஒரு ஈரத்துணி. அதற்குள் மீன் கூடையிலிருந்த ஐஸ். கார் முழுக்க மீன் வாசம். "நாலு தபா உன் பேரச் சொல்லிக் கூப்டாரு. தோ வந்துடுவான்னு சொல்லிக்கினே இருந்தேன்" என்றார் அந்த அக்கா. வெளியே அவருடைய கூடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் டப்பாவைத் துழாவி அந்த இரும்பு மூடியை எடுத்து நட்டின்மேல் பொருத்தினார். பிறகு ஸ்பேனரை மாட்டி மிதித்தார். கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு அது திரும்பியது. மெதுவாக ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை மாட்டினார்கள். "பாத்துப் போ கண்ணு" என்று அந்த அக்கா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கே தையலைத் திறந்து சுத்தம் செய்தார்கள். கிருமி உள்ளே இறங்க ஆரம்பித்திருந்ததாம். தேறி வரப் பல வாரம் ஆனது. இப்போது தானே நடந்து வேலைக்குப் போகிறார். அந்த அக்காவைத் தேடி அவரும் நானும் காசிமேட்டுக்குப் போனோம். விடியற்காலை மீன் ஏலக் கூட்டத்தில் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம். கண்டுபிடிக்க முடியவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இன்றைக்கும் டயர் மாற்றத் தெரியாது. ஆனால் அந்தச் சாலையில் யாராவது வண்டி பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றால் நானும் நிறுத்திவிடுகிறேன். அவர்கள் ஓடிப்போய்த் திரும்பி வருகிறவரை, வண்டியிலேயே விட்டுப்போன ஆளின் தலைமாட்டில் உட்கார்ந்து, "தோ வந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க என்னாலும் முடியும் அல்லவா?