குமரவேல் அண்ணனுக்கு ஒரு பலாப்பழம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்கள் நமக்குக் காலையில்தான் வரும். அன்று இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாட்ஸப் குழுவில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தோம். குமரவேல் அண்ணன் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திடீரென்று அவர் எண்ணிலிருந்து ‘டைப்பிங்’ என்று காட்டியது.

“ஜட்ஜய்யா எழுந்துட்டாரு, எல்லாரும் வாய மூடுங்க” என்று ஒருவர் போட்டார்.

வந்த செய்தி இதுதான்: “நான் அவர் மனைவி மாலதிங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து உக்காந்தவரு, நெஞ்ச புடிச்சுகிட்டாரு. போயிட்டாருங்க.”

அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குமரவேல் அண்ணன் நெய்வேலியில் பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸ் பிள்ளை. அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரிகல் பிரிவு, பர்மனென்ட். பள்ளி அணியில் இருந்தவர்தான், ஆனால் கோர்ட்டில் இறங்கியது அபூர்வம். அதையும் பெருமையாகவே சொல்வார்: “பெஞ்சுல உக்காந்தவனுக்குத்தான்யா ஆட்டம் முழுசா தெரியும்.”

நான் பந்தைத் தொட்டதே கிடையாது. போனில் பார்த்துப் பார்த்தே கூடைப்பந்து கற்றுக்கொண்டவள். எந்தக் கல்லூரிப் பையன் பெரிய ஆளாக வருவான் என்று சொல்லி யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினேன். முதல் வீடியோவுக்கு வந்த முதல் கமெண்ட் அவருடையது: “பாப்பா, பேச்சு நல்லாருக்கு. கருத்துதான் தப்பு.”

“நீங்க யாருங்க?” என்று கேட்டேன்.

“ஒங்க வீட்டுக்குப் பக்கத்து பிளாக். கோர்ட்டுக்கு வா, சண்ட போடுவோம்.”

அப்படித்தான் எங்கள் குழு உருவானது. உள்ளூர் ஆட்டங்களையும் போனில் எடுத்துச் சேனலில் போடத் தொடங்கினோம்.

அமெரிக்காவில் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது ஜூன் மாதத்தில். நமக்கு அது பலாப்பழக் காலம். அதனால் அண்ணனே ஒரு சட்டம் போட்டார். யாருடைய கணிப்பு பொய்க்கிறதோ அவர் முத்தாண்டிக்குப்பம் போய் ஒரு பழம் வாங்கி வந்து, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் எல்லோர் முன்னிலையிலும் அறுக்க வேண்டும். சொன்ன கருத்தை நடுவில் மாற்றக் கூடாது.

அதிகம் பழம் சுமந்தவர் சட்டம் போட்டவரேதான். ஏழடி உயரப் பையன் ஒருவனை, “இனிமே இவன் ராஜ்ஜியம்தான்” என்று மாதக்கணக்கில் முழங்கினார். அவன் அந்த சீசன் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் இருப்பதிலேயே பெரிய பழத்தை வண்டியில் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி வந்து இறங்கினார். “தப்பா சொன்னாலும் பெருசா சொல்லணும்யா!”

பிறகு எங்கள் கோர்ட்டுக்கு ஆட வந்தாள் கவிப்பிரியா. கம்மாபுரம் பக்கத்துப் பெண். நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. அப்பா அங்கேயே கான்ட்ராக்ட் வேலை. பிளஸ் டூ முடித்தவளுக்குச் சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டுக் கோட்டாவில் இடம் கிடைத்தால் படிப்பும் விடுதியும் இலவசம். கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு நின்றுவிடும். கல்லூரிப் பயிற்சியாளர் ஆட்ட வீடியோ கேட்டார். எங்கள் சேனலில் இருந்ததையெல்லாம் அனுப்பினோம்.

“இதுல அந்தப் பொண்ணு எங்கம்மா இருக்கா?” என்று அவர் கேட்டார்.

உண்மைதான். எங்கள் கேமரா எப்போதும் பந்தின் பின்னால்தான் ஓடும். கூடையில் விழுந்தால் கைதட்டி, அதை மட்டும் வெட்டி ஒட்டுவோம். கவிப்பிரியா பாயிண்ட் போடுகிறவள் அல்ல. எதிரணியின் கெட்டிக்காரியை மூச்சுவிட முடியாமல் மறித்து நிற்பவள். தன் அணித் தோழிக்கு வழி உண்டாக்கிக் கொடுக்க, குறுக்கே நின்று இடி வாங்குகிறவள். அவள் செய்ததெல்லாம் கேமராவுக்கு வெளியே நடந்திருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அண்ணன் என் போனைப் பிடுங்கிக்கொண்டார். ஆட்டம் முழுவதும் அவளை மட்டுமே எடுத்தார். பந்து எங்கே போனாலும் கை அதன் பின்னால் போகவில்லை.

கவிப்பிரியாவின் அப்பாவுக்கே பொறுக்கவில்லை. “சார், எம் பொண்ணு பந்தே போடல. அங்க ஒரு பொண்ணு போட்டுகினே கீது. இவள போயி எடுத்துகினு கீறீங்களே?”

“போடறவங்க ஊருக்குப் பத்து பேரு இருக்காங்கண்ணே. போட வுடாதவ இவ ஒருத்திதான். கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

குழுவில் சிரித்துத் தள்ளினார்கள். ‘பந்து இல்லாத மேட்ச்’ என்று ஸ்டிக்கர் கூட வந்தது. பயிற்சியாளர் அதை முழுவதும் பார்த்தார். மறுநாள் கவிப்பிரியாவுக்குப் போன் வந்தது. இடம் கிடைத்தது.

அண்ணன் அதோடு விடுவாரா? “மொத வருஷம் முடியறதுக்குள்ள ஆரம்ப அஞ்சு பேருல இவ எறங்குவா. எழுதி வச்சுக்குங்க.”

“அண்ணே, அது சென்னை டீம். பெஞ்சு கெடச்சாலே பெரிசு” என்றேன் நான். மொத்தக் குழுவும் என் பக்கம்.

“பலாப்பழத்துக்கு இப்பவே சொல்லி வையி பாப்பா.”

இறுதிச் சடங்கு நாளில் சுவரொட்டிக்கு ஒரு நல்ல படம் தேடினோம். எங்கள் அத்தனை வீடியோவிலும் அவர் குரல் இருக்கிறது, முகம் இல்லை. அந்தப் பந்து இல்லாத வீடியோவில் மட்டும், படத்தின் கீழ் ஓரத்தில், சாயங்கால வெயிலில், போனைத் தூக்கிப் பிடித்த அவர் நிழல் சிமெண்ட் கோர்ட்டில் நீளமாக விழுந்திருந்தது. அதையே போட்டோம். பார்த்தவர்கள் எல்லோருக்கும் யாரென்று தெரிந்தது.

அடுத்த வாரம் கவிப்பிரியாவின் கல்லூரிக்கு ஆட்டம். காலையில் கூப்பிட்டாள். “யக்கா, பேரு படிச்சாங்க. மொத அஞ்சுல நானும் கீறேன்க்கா.”

பலாப்பழ சீசன் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. முத்தாண்டிக்குப்பத்தில் தோப்பு தோப்பாக அலைந்து, முந்திப் பழுத்த ஒன்றைப் பிடித்தோம். ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்து பிளாக்குக்குப் போனோம். மாலதி அக்கா கதவைத் திறந்தார். எங்களையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அறிந்தவரையில், அந்த வீட்டுக்கும் பலாப்பழத்துக்கும் ஒரே ஒரு தொடர்புதான்.

“என்னப்பா, போயும் தோத்துட்டாரா மனுஷன்?”

“இல்லக்கா. நாங்க எல்லாரும் தோத்துட்டோம்.”

அக்கா உள்ளே போய்க் கத்தியும் எண்ணெயும் எடுத்து வந்தார். வாசலிலேயே, எல்லோர் முன்னிலையிலும், பழத்தை நான் அறுத்தேன். முதல் சுளை உங்கள் நிழல் படத்துக்கு முன்னால் இருக்கிறது, அண்ணே. பெரிதாகச் சொன்னீர்கள், சரியாகவும் சொன்னீர்கள். ஷிஃப்ட் முடிந்தது, நிம்மதியாகத் தூங்குங்கள்.