தளபதி ஐசக்கின் ஒரே வார்த்தை

எங்கள் வீட்டில் ஒரு தளபதி இருக்கிறார். விண்வெளியின் தெற்கு மூலையில் அவருக்குச் சொந்தமாகச் சில கிரகங்களும் ஒரு நிலவும் உண்டு. அல்வாலில் சொந்தமாக ஒரு வீடும், அதன் சமையலறையில் ஒழுகும் குழாய் ஒன்றும் உண்டு. கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பியே களைத்துவிடுவதால் குழாய்க்கு வாஷர் மாற்ற அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. பெயர் ஐசக். என் கணவர்தான். வேறு யாரைப் பற்றி நான் இவ்வளவு பொறுமையாகப் பேசப்போகிறேன்!

பூமியில் அவருக்கு ஹைதராபாத் உப்பலில் வேலை. தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். அங்கே மீட்டிங்கில் எல்லோரிடமும் வரிசையாக அபிப்பிராயம் கேட்பார்களாம். இவர் முறை வரும்போது டீ வந்துவிடும். சபை கமிட்டித் தேர்தலில் ஒருமுறை நின்றார், தோற்றார். அடுத்த வாரமே கமிட்டிக்காரர்கள் உட்கார நாற்காலி எடுத்துப் போடும் பொறுப்பு கிடைத்தது. அதையும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு செய்தார். வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? நான் நர்ஸ். ஊசி போடலாமா என்று நோயாளியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தால் வார்டு நடக்குமா? அந்தப் பழக்கம் வீட்டிலும் வந்துவிட்டது. "பெயின்ட் நீலம் அடிக்கிறோம்" என்பேன். "ஹவ்" என்பார். அவ்வளவுதான்.

இந்த ஹவ் எங்கள் ஊர்ச் சொத்து. இரண்டு தலைமுறையாகச் செகந்திராபாத் பக்கம் இருக்கிறோம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு. அது வாயில் தானாக வரும். போனில் ஆங்கில எழுத்தில் அடிக்கும்போதுதான் சின்ன வில்லங்கம். 'எப்படி' என்று கேட்கிற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் அதே மூன்று எழுத்து. அல்வாலில் இதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. பால்காரர் முதல் பாஸ்டர் வரை அப்படித்தான் அடிக்கிறோம்.

மகன் பிளஸ்ஸன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது பழைய கம்ப்யூட்டரை விட்டுப் போனான். அதற்குள் அந்த விண்வெளி விளையாட்டு இருந்தது. தூசி தட்டப் போன மனுஷர் தளபதியாகி எழுந்தார். அதில் தனியாக விளையாடினால் மற்றவர்கள் விழுங்கிவிடுவார்களாம். அதனால் 'வானவர் படை' என்ற கூட்டணியில் சேர்ந்தார். அதில் எல்லோரும் தமிழர்கள். தலைவர் கோயம்புத்தூர் சீனிவாசன், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். யார் மேல் படையெடுப்பது, எந்த நிலவைக் காப்பது என்று சாயங்காலமெல்லாம் குழுவில் விவாதம் நடக்கும். நாட்டின் பட்ஜெட்டைக்கூட இவ்வளவு அலசியிருக்க மாட்டார்கள்.

ஒருநாள் சீனிவாசன், பாதிக் கப்பல்களைச் சிவப்பு நிலவுக்கு அனுப்பலாம் என்று திட்டம் போட்டார். எல்லோரும் ஆஹா என்றார்கள். என் வீட்டுத் தளபதி வழக்கம்போல் 'ஹவ்' என்று அடித்துவிட்டுச் சாப்பிட வந்துவிட்டார். திரும்பிப் போய்ப் பார்த்தால் குழுவே கொந்தளித்துக்கொண்டிருந்தது.

"சார் கேக்கறது நியாயந்தானுங்க. எப்படி அனுப்பறது? கப்பல் போயிட்டா வாசலை யார் பாக்கறது? ஐசக் சார் ஒரே வார்த்தையில மடக்கிட்டாருங்க!" என்று எழுதியிருந்தார் சீனிவாசன்.

திட்டம் மாறியது. அன்று எதிரி வாசல் பக்கமே வந்தான்; மாட்டிக்கொண்டான்.

"நான் சரின்னுதானே சொன்னேன், கைக்கு மாத்துனாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"பெரிய மனுஷங்க. நிறைய யோசிப்பாங்க" என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அதற்குப் பிறகு இதே கதைதான். யார் என்ன சொன்னாலும் இவர் 'ஹவ்' என்று தலையாட்டுவார். அவர்கள் பதறிப்போய்த் திட்டத்தைத் தலைகீழாக உதறிப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். பாராட்டு இவருக்கு வரும். 'ஐசக் சார் பார்த்துட்டாரா?' என்று கேட்காமல் ஒரு கப்பல் நகராது. பூம்பூம் மாட்டை மந்திரியாக்கிவிட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மனுஷர் நடையே மாறிவிட்டது. காய்கறிக் கடையில் வெண்டைக்காயை உடைத்துப் பார்த்து வாங்க ஆரம்பித்தார்.

அப்புறம் சீனிவாசனுக்குக் கண் ஆபரேஷன் என்று வந்தது. தலைமையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடப்போவதாகவும், தன் மனதில் ஐசக் சார்தான் இருக்கிறார் என்றும் எழுதினார். எதிரே நிற்பது சென்னைப் பையன் சுதர்சன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. அதற்கு முன் எல்லோரும் குரலில் கூடிப் பேசுவதாக ஏற்பாடு.

அந்த வாரம் முழுக்க இவர் படுத்தியபாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிளஸ்ஸன் பிறந்த அன்றைக்குப் பிறகு இந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "மெட்டி, யாரும் என்னை இப்படி வேணும்னு கேட்டதில்லை" என்றார். மெட்டில்டாவை மெட்டி ஆக்கினால் மனசு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். சரி, ஜெயித்துத் தொலைக்கட்டும் என்று நானும் ஜெபித்தேன். ஆண்டவருக்கு வேறு வேலை இல்லையா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் இஸ்திரி போட்ட சட்டையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். குரல் மட்டும்தான் கேட்கும், முகம் தெரியாது என்று சொன்னேன். காலர் பட்டனையும் போட்டுக்கொண்டார்.

சீனிவாசன் குரல் கணீரென்று வந்தது. "ஐசக் சார், தலைமையை ஏத்துக்கறீங்களா?"

"ஹவ்" என்றார் இவர், அவ்வளவு பணிவாக.

"பாத்தீங்களா! இதுக்கும் எப்படின்னு கேக்கறாரு. இதுதானுங்க தலைவன். சொல்றேன் சார், முதல்ல பாஸ்வேர்டு உங்களுக்கு..."

நடுவில் ஒரு பெண் சிரித்தாள். புதிதாகச் சேர்ந்தவள், சுபாஸ்ரீ என்று பெயர். மதுரைப் பெண்; இங்கே சைனிக்புரியில் வாடகைக்கு இருந்துகொண்டு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம்.

"ஐயோ சார், அவர் எப்படின்னு கேக்கலை! அது ஹைதராபாத் ஹவ். ஆமான்னு அர்த்தம். எங்க ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி நாள் முழுக்க அதைத்தான் சொல்வாங்க."

பிறகு சீனிவாசன் மெதுவாகக் கேட்டார். "அப்ப சிவப்பு நிலவு விஷயத்துல நீங்க...?"

"சரின்னுதான் சார் சொன்னேன்" என்றார் இவர். பொய் சொல்லவாவது தெரிகிறதா பாருங்கள்!

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வாசலில் எறியலாம் போல் ஆத்திரம் வந்தது. அந்தப் பெண்ணையும் சும்மா சொல்லக்கூடாது, உண்மையைத்தான் சொன்னாள். அதனால் அவள் மேல் இன்னும் கோபம்.

சுதர்சன் ஜெயித்தான். ஐசக்குக்கு விழுந்த ஒரே ஓட்டு சீனிவாசனுடையது. இவர் தன் ஓட்டையும் சுதர்சனுக்கே போட்டிருந்தார். "எனக்கு நானே போட்டுக்கறது நல்லாயிருக்காது" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு குழுவில் இவர் பெயர் 'ஹவ் சார்'. இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, 'ஹவ் சார் ஓகே சொல்லிட்டார்' என்று யாராவது போடுவார்கள். ரோஷமுள்ளவன் விளையாட்டையே அழித்திருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? படிக்க உட்கார்ந்தார். எந்தக் கப்பல் எவ்வளவு எரிபொருள் குடிக்கும், எந்தக் கிரகம் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தைக் கரைத்துக் குடித்தார். "அவங்க நினைச்ச ஆளாவே இருந்து பாக்கலாம்னு தோணுது" என்றார். அதைக் கேட்டதும் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஒரு சனிக்கிழமை சுதர்சன் தன் மகத்தான திட்டத்தை வெளியிட்டான். எல்லோருடைய கப்பல்களும் ஒன்றாகக் கிளம்பி, இருட்டு வெளியைத் தாண்டி எதிரியின் கோட்டையை அடிக்க வேண்டும். கைதட்டல் பறந்தது. இவர் வரைபடத்தைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மூன்று எழுத்தைக் கேள்வியாகவே அடித்தார்.

'ஹவ் சார் ஓகே!' என்று வந்தது பதில்.

கேள்விக்குறி போட்டு மறுபடி அடித்தார்.

'டபுள் ஓகே!'

புதிதாக வந்த யாரோ, அவர் ஏதோ கேட்கிறாரே என்றதற்குச் சுபாஸ்ரீ பொறுமையாக விளக்கினாள். 'இல்லைங்க, அது ஹைதராபாத் வார்த்தை. ஆமான்னு அர்த்தம்.'

இவருக்குத் தமிழில் அடிப்பது நத்தை வேகம். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, 'திரும்பி வருவது எப்படி' என்று முழுசாக அடித்து அனுப்பினார். அதற்குள் ராக்கெட் படமும் பட்டாசுப் படமுமாகக் குழு நிரம்பி வழிந்தது. சுதர்சன் ஒரே வரியில், 'வந்துடலாம் சார்' என்றான்.

கப்பல்கள் கிளம்பின. படையின் உத்தரவு என்பதால் இவருடையதும் போயின. மறுநாள் நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எல்லாம் போச்சு மெட்டில்டா. கோட்டையைப் பிடிச்சாங்க. எரிபொருள் தீர்ந்து அங்கேயே நின்னுட்டாங்க. எதிரி சுத்தி வளைச்சு அடிச்சுட்டான். நான் கேட்டேன். நிஜமாவே கேட்டேன்."

அடுப்பை அணைத்தேன். ஒரு வாய்க் கிண்டலுக்கு எல்லா வசதியும் இருந்த நேரம். வாய் வரவில்லை.

"போறதுக்குப் பெட்ரோல் இருந்துது, வர்றதுக்கு இல்லை. அவ்வளவுதானே? இது எனக்கே புரியுதே! இதை நான்கூடக் கேட்டிருப்பேனே" என்றேன்.

அவர் ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பாங்க" என்றார்.