ஒற்றைக்கண் பொம்மை

பிலோமினாவுக்குக் கை சும்மா இருக்காது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். அந்த லயத்து வரிசைவீடுகளில் வேதக்காரக் குடும்பம் அவளுடையது ஒன்றுதான். அதனாலென்ன? பாலன் பிறக்கும் நத்தாருக்கு முதல் நாள் காம்பராவிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் தன் கையால் தைத்த துணிப் பொம்மை ஒன்று கொடுக்காவிட்டால் அவளுக்குப் பண்டிகையே வராது. அவள் மகள் ஜெயந்தினி வளர்ந்ததும் அந்தப் பொம்மைகளோடுதான்.

இந்த வருடம் இருபத்துமூன்று பிள்ளைகள். பொம்மைக்குக் கண்ணை எப்போதும் கறுப்பு நூலால்தான் போடுவாள். இப்போது ஊசியில் நூலைக் கோர்ப்பதற்குள் அவள் கண்ணே மங்கிப் போகிறது. அவசரத்துக்குப் பழைய சட்டைப் பொத்தான்களைப் பிய்த்துத் தைத்துவிட்டாள். சின்னச் சாமான் எதையும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள் என்று தாய்மாருக்குப் படித்துப் படித்துச் சொன்னவளே அவள்தான். புத்தி எங்கே போய் மேய்ந்ததோ!

இருபத்துநாலாம் திகதி பகல், ரிதுஷனின் பொம்மைக்கு ஒரு கண்ணைக் காணோம். அவனுக்கு இரண்டு வயதும் நாலு மாதமும். எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற கள்ளன்.

"பொத்தான் எங்கடா ராசா?"

வாயை ஆவென்று திறந்து காட்டிச் சிரித்தான். வாயில் இல்லை. பாயை உதறினாள், தொட்டில்களுக்குக் கீழே தவழ்ந்தாள், குப்பையைக் கிளறினாள். இல்லவே இல்லை. அப்படியென்றால் முழுங்கிவிட்டானா?

யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகலாம். அதைவிட, இனி எந்தத் தாய் நம்பிப் பிள்ளையை விடுவாள்? இதையெல்லாம் அவள் நினைக்கத்தான் செய்தாள், மறைப்பானேன். ஆனால் பிள்ளையின் தாய் கலாராணி வந்து நின்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கலா, புள்ள பொத்தான முழுங்கிட்டான் போல இருக்கு. நான் தைச்சது. என் தப்புதான்."

"என்னங்க சொல்றீங்க ஆயாம்மா!" கலாராணி மகனை வெடுக்கென்று பறித்துக்கொண்டாள்.

ஆட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வழிநெடுக பிலோமினா பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சோதித்துப் பார்த்தார். மூச்சில் குறையில்லை, பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது, முழுங்கியிருந்தால் தானாக வெளியே வரும், மலத்தைப் பாருங்கள் என்றார். வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலை ஜெயந்தினி புதுச்சேலை கட்டி மாதா கோயிலுக்குக் கிளம்பி நின்றாள்.

"பூசைக்கு நேரமாச்சும்மா."

"நீ போ. அந்தப் புள்ளயப் பாக்காம எனக்கு சாமி கும்புட வராது."

கலாராணி குடியிருக்கும் மேல் லயத்துக்கு நடந்தாள். வாசலுக்கு வாசல் பிள்ளைகள் பொம்மையோடு நின்றன. ஒரு பொம்மைக்கும் கண் இல்லை. செய்தி பரவி, தாய்மார் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். நியாயம்தானே? ஆனாலும் நெஞ்சை அறுத்தது. ஒருத்தியும் அவளை வாங்க என்று சொல்லவில்லை.

கலாராணியும் சொல்லவில்லை, கதவை மட்டும் திறந்துவிட்டாள். பிலோமினா பிள்ளை வெளிக்கிருக்கும் சட்டிக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். ரிதுஷன் இடியப்பம் தின்றான், வாழைப்பழம் தின்றான், லயத்தைச் சுற்றி ஓடினான். சட்டிப் பக்கம் மட்டும் வருவேனா என்றான். மணி பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. அவன் ஒரு தடவை இருமியதற்கு இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடினார்கள். பன்னிரண்டு தாண்டித்தான் சட்டியில் உட்காரக் குட்டித் துரைக்கு மனம் வந்தது.

பிலோமினா வேறு யாரையும் தொட விடவில்லை. ஈர்க்குச்சியால் தானே கிளறினாள். வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நாலு துளைப் பொத்தான், முழுசாக.

"வந்துருச்சு கலா! வந்துருச்சு!"

அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கலாராணியும் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மகனைக் கழுவித் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிலோமினா கையை நீட்டவில்லை. நீட்டத் தைரியம் வரவில்லை.

"அடுப்புல சோறு குழையுது," என்றாள் கலாராணி. "கைய நல்லா கழுவிட்டு இவனக் கொஞ்சம் புடிங்க ஆயாம்மா."