எந்த நுரை எந்தக் கூரைக்கு?

வெயிலைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்துவதுதான் எங்கள் தொழில், ஆனால் விற்கிற நுரைப் பலகையைக் கையில் வாங்கிப் பார்த்த எவரும், "இதுல என்ன இருக்கு?" என்று கேட்காமல் திருப்பித் தந்ததில்லை. எடையில்லாத சரக்கை விற்றுப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும். தொண்ணூறுகளில் வேலூரிலிருந்து பெங்களூர் வந்து, ஸ்கூட்டரில் மூன்று வகைப் பலகைகளைக் கட்டிக்கொண்டு அலைந்தவன் நான்.

குடில் சாமான்

பிரேசர் டவுனில் ஸ்டெல்லா டீச்சர், பக்கவாதத்தில் படுத்திருந்த கணவருக்காகக் கூப்பிட்டிருந்தார். மொட்டைமாடிக்குக் கீழே அவர் அறை; மதியமானால் அனல். தெர்மோகோலை எடுத்துக் காட்டியதும், "இது கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை வெட்டுறதுதானே தம்பி?" என்றார் டீச்சர். "அதேதான், ஆனா இது சட்டுனு தீப்பிடிக்காத ரகம். அறைக்குள்ள மழையும் படாது, யாரும் மிதிக்கவும் மாட்டாங்க, விலை கூடினது எதுக்கு?" என்றேன். பொய்க்கூரை போட்டு அதன்மேல் பரப்பினோம்.

ஏப்ரலில் போய் எட்டிப் பார்த்தேன். டீச்சர் முகம் தெளிந்திருந்தது. "பகல்ல கண்ணே மூடாத மனுஷன், இப்ப சாப்பாட்டுக்குக்கூடக் கண்ணைத் திறக்க மாட்டேங்குறாரு. அதுக்கு ஏதாச்சும் பலகை வெச்சிருக்கியா தம்பி?"

குதித்துப் பார்த்தவர்

தொம்மலூரில் நாகராஜப்பா தன் கட்டடத்தைக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு விட்டிருந்தார். மாடி சூட்டில் ஏசி திணறியதால், காலி செய்துவிடுவோம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். மொட்டைமாடியின் மேலே தெர்மோகோல் போதும் என்று பிடிவாதமாக நின்றார் அவர். நான் தெர்மோகோல் துண்டையும், இறுக்கி வார்த்த நீலப் பலகைத் துண்டையும் பக்கெட் தண்ணீரில் அமுக்கி, மேலே கல் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் இரண்டையும் உடைத்தோம். தெர்மோகோலின் மணிகளுக்கு நடுவே ஈரம். நீலத்தின் உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அப்படியும் நம்பாமல், முழு நீலப் பலகையைத் தரையில் போட்டுச் செருப்போடு ஏறிக் குதித்தார். ஆள் நல்ல கனம்; பலகையில் ஒரு பள்ளம்கூட விழவில்லை. பிறகு மூச்சு வாங்கியபடி சொன்னார்: "ஆகலி சார், ஆகட்டும், இதையே போடுங்க. எனக்குத்தான் முட்டி போச்சு."

கதவோரம்

அத்திபெலேயில் சலீம் பாய்க்கு ரோஜா வைக்கும் குளிர் அறை. இரண்டு தகடுகளுக்கு நடுவே மஞ்சள் நுரை அடைத்த பஃப் பேனலில் கட்டிக் கொடுத்தோம். விலை அதிகம், ஆனால் மெல்லிய சுவரே குளிரை நன்றாகப் பிடித்து வைக்கும். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகவேண்டிய பூ உள்ளே இருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது.

தகவல் கேட்டு ஓடினேன். பூ வாடியிருக்குமோ என்று பாய் கதவைத் திறக்கப் பாய்ந்தார். "திறந்தாத்தான் பாய் வாடும்!" என்று கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். கரண்ட் வரும்வரை அங்கிருந்து நகரவில்லை. கடைசியில் திறந்தால், மொட்டுகள் வைத்தது வைத்தபடி. பாய் கட்டிப்பிடித்து ஒரு கட்டு ரோஜாவைத் திணித்தார். வீட்டில் நீட்டியதும் மனைவி ஒரு கணம் வெட்கத்தில் சிவந்து, பிறகு கேட்டாள்: "கஸ்டமர் குடுத்ததா? அதானே பார்த்தேன்!"

மூன்றில் எது உசத்தி என்று கேட்கிறவர்களிடம், எங்கே போடப் போறீங்க என்று திருப்பிக் கேட்டே என் பிழைப்பு குளுகுளுவென்று ஓடிவிட்டது.