கசக்கிப் பார்க்காத மூட்டை

என் மனைவி ஜெயாவுக்கு வரவிருந்த நல்ல காலத்தைக் கெடுத்தவன் நான். எதிரியல்ல... தாலி கட்டிய நானேதான்!

ஹட்டனுக்குப் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய கொட்டகையில் நாங்கள் சிலர் குப்பை பிரிக்கிறோம். பால்தூள் அடைத்து வரும் பால்மா பைக்கற்றை மட்டும் வாங்க ஆளில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் பிரியாமல் ஒட்டிக் கிடக்கும் சனியன் அது. கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வரும் ஜெயா, அதைச் சூடான அமிலக் கரைசலில் ஊறவைத்துப் படலம் படலமாகக் கழற்றிவிட்டாள்.

அதுவரை கொட்டகையின் கதாநாயகன் நான். என் கேலிக்குச் சிரிக்காதவர் இல்லை. பிறகு எல்லாரும் அவளுடைய வாளியைச் சுற்றி நின்றார்கள்.

"அண்ணே, இனிமே ஒங்கள ஜெயாக்கா வீட்டுக்காரருன்னு சொன்னாத்தான் ஆளுங்களுக்குத் தெரியும்" என்றான் கூட வேலை செய்யும் முருகேசு.

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நான். உள்ளே எரிந்ததும் நான்! பெண்டாட்டிமேல் பொறாமைப்படும் ஆணை நீங்கள் கண்டதுண்டா? இதோ, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் சிலர் செய்முறை பார்க்க வந்தார்கள். பிடித்தால் கொட்டகைக்கு ஊறவைக்கப் பெரிய தொட்டி. ஜெயாவுக்கு நிரந்தர வேலை, மலையேற வேண்டாம். பைக்கற்றுகளை நறுக்கி மூட்டை கட்டும் பொறுப்பை என்னிடம் தந்தாள்.

பிஸ்கட் உறையும் உள்ளே வெள்ளியாய்த்தான் மினுங்கும். ஆனால் அதிலிருப்பது வெறும் பூச்சு, கழற்றுவதற்குத் தாளே இல்லை. கசக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும்: பால்மா பைக்கற்று கசங்கியபடி கிடக்கும், பிஸ்கட் உறை விரிந்துகொள்ளும். யார் கொண்டுவந்தாலும் ஜெயா ஒரு பிடி அள்ளிக் கசக்காமல் வாளியில் போடமாட்டாள்.

அன்று கசக்கவில்லை. கட்டியவன் புருஷனாயிற்றே...

அச்சு தெரியாதபடி பொடிப்பொடியாக நறுக்கியிருந்தேன். முழுக்கப் பிஸ்கட் உறை! கிளறினாள், கிளறினாள்... ஒன்றும் கழலவில்லை. வந்தவர்கள் மரியாதையாகத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். நல்ல கணவனாக ஓடிப்போய் வாளியைக் கழுவி வைத்தது யாரென்று சொல்லவும் வேண்டுமா?

அடுத்த கிழமை அவள் செய்தபோது அழகாகக் கழன்றது. பார்க்கத்தான் ஆளில்லை. தொட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது.

நேற்றுக் காலையிலும் கூடையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அன்னிக்கி மட்டும் நான் எங்க தப்பு பண்ணேன்?"

"கோட்டுப் போட்ட ஆளப் பாத்து வெக்கப்பட்டுட்ட" என்றேன்.

சிரித்தாள். பனிக்குள் மலையேறிப் போனாள்.

கூப்பிட்டுச் சொல்லிவிட வாயைத் திறந்தேன்தான்... அதிலிருந்து வரப்போவதும் இன்னொரு கேலிதான் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன்.