மூன்றாவது கிளிப்

வார்ப்பாலையில் அவளை எல்லோரும் ஸ்பார்க் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உலையில் இரும்பு உருகிக்கொண்டிருக்கும்போது ஒரு கரண்டி எடுத்துச் சின்ன அச்சில் ஊற்றுவார்கள். அது ஆறி வில்லையானதும் அவள் மேசைக்கு வரும். அதன் முகத்தைத் தேய்த்துச் சமமாக்கி, இயந்திரத்தில் பொருத்திப் பொத்தானை அழுத்துவாள். படபடவென்று நீலமாகப் பொறி பறக்கும். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, கார்பன் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று திரை சொல்லிவிடும். அவள் கதவைத் திறந்து, குரோமியம் கம்மி என்று குரல் கொடுத்தால் உலைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவார். நீ வாயைத் திறந்தாலே எனக்கு வேலைதான் என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

வீட்டில் அம்மாவும் தம்பியும். தம்பியைத் தெருவில் ப்ரொபசர் என்பார்கள். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. இயற்பியலில் ஆராய்ச்சி செய்யப் போனவன், படிப்பை முடிக்காமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து உள்ளறையில் உட்கார்ந்துவிட்டான். அங்கே என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை, அவனோடு படித்தவர்களும் சொல்லவில்லை. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளைச் சில நாள் விழுங்குவான், சில நாள் ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிடுவான். வருஷங்கள் போகப் போகப் பேச்சு வற்றியது. தட்டை வைத்தால் சாப்பிடுவான். கேட்டால் தலையாட்டுவான். அவ்வளவுதான்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூடிக் கிடந்த உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள். சிரித்துப் பேசிவிட்டு எழுந்து போனார்கள். பிறகு அவர்களிடமிருந்து தகவலே வராது. நாற்பது வயதைத் தாண்டியபின் அப்படி வருகிறவர்களும் நின்றார்கள். வருத்தப்பட நேரம் கிடைத்திருந்தால் ஒருவேளை வருத்தப்பட்டிருப்பாள்.

ஒருநாள் வேலைவிட்டு வந்து கைகழுவிக்கொண்டே அம்மாவிடம் சும்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இயந்திரம் பழுதாகி, சரிசெய்ய ஒருவர் வந்திருந்தார். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி நிறக்கோடுகள் உண்டு, அதை வைத்துத்தான் இது கண்டுபிடிக்கிறது என்றாராம் அவர். ஏன் அப்படித் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அவள் பொதுவாகக் கேட்டாள். வெந்துகொண்டிருக்கும் பருப்பைப் பார்ப்பதிலேயே அம்மா கவனமாக இருந்தாள்.

"எலக்ட்ரான் மேல் நிலையிலேர்ந்து கீழ் நிலைக்கு இறங்கும். அப்ப வர்ற வெளிச்சம் அது."

உள்ளறையிலிருந்து வந்த குரல். ரொம்ப நாள் திறக்காத தாழ்ப்பாள் மாதிரி கரகரத்தது. அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அவள் ஈரக் கையோடு கதவருகே போய், அதற்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். ஒவ்வொரு அணுவிலும் அந்த நிலைகளின் உயரம் வேறு வேறு, அதனால் நிறமும் வேறு என்றான். அதற்குமேல் பேசவில்லை. ஆனால் அன்றிரவு அம்மா தூக்கத்தில்கூடச் சிரித்த மாதிரி இருந்தது.

அவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. அப்பா இறந்தபோது அவள் முடிக்காமல் விட்ட பட்டப்படிப்பில் ஒரே ஒரு பாடம் பாக்கி இருந்தது. அணு இயற்பியல். அதை மறுபடி எழுதப் பதிவு செய்துகொண்டாள். பட்டம் கையில் வந்தால் பதவி உயரும் என்று ஆலையில் சொல்லிவைத்தாள். உண்மையில் பதவியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். தம்பி பேச வேண்டும். மற்றதெல்லாம் சாக்கு.

சாக்கு பலித்தது. மாலையில் அவள் புத்தகத்தோடு பால்கனியில் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து சுவரில் சாய்ந்து நிற்பான். முதலில் ஒரு வார்த்தை, பிறகு ஒரு வாக்கியம். அப்புறம் மடை திறந்துகொண்டது.

அவள் மனதில் அணு என்றால் சூரியனும் கோள்களும் மாதிரி ஒரு படம் இருந்தது. முதலில் அதை அழி என்றான்.

"எலக்ட்ரான் எங்க இருக்குன்னு கேக்காதக்கா. எந்த நிலையில இருக்குன்னு கேளு. அந்த நிலையைச் சொல்ல நாலு எண் போதும்."

முதல் எண், எத்தனையாவது அடுக்கு என்று சொல்லும். இரண்டாவது, அந்த எலக்ட்ரான் மேகத்தின் வடிவம். அது எப்போதும் முதல் எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மூன்றாவது, அந்த வடிவம் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பது. நான்காவதுக்கு இரண்டே மதிப்புதான். சுழற்சி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் எதுவும் பம்பரம் மாதிரிச் சுற்றவில்லை, பெயரோடு சரி என்றான்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவன் துணிக்கொடியிலிருந்த கிளிப்புகளைக் கழற்றினான். மேல்கயிற்றில் ஓர் இடம், அது முதல் அடுக்கு. அங்கே ஒரு கிளிப்பை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் மாட்டினான். இடம் நிரம்பியாயிற்று. அடுத்த கயிற்றில் நான்கு இடங்கள், இடத்துக்கு இரண்டு, ஆக எட்டு. ஒரே அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரானுக்கும் நாலு எண்ணும் ஒன்றுபோல இருக்கவே முடியாது. நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று, அதற்குமேல் ஓர் இடத்தில் எதுவும் நுழையாது என்றான். உலகத்தில் இத்தனை விதமான பொருள்கள் இருப்பதே இந்த ஒரு பிடிவாதத்தால்தான் என்று சொல்லும்போது அவன் முகம் பழைய முகமாக இருந்தது. கிளிப்பு இல்லாமல் காயப்போட்ட துணிகள் காற்றில் பக்கத்து வீட்டுக்குப் பறந்தன. அம்மா முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கி வந்தாள். அந்த முணுமுணுப்பில் கோபம் துளியும் இல்லை.

என் மகன் பாடம் எடுக்கிறான் என்று பக்கத்து வீட்டில் அம்மா சொல்லிவிட்டும் வந்தாள். ஒரு டியூஷன் சென்டரில் விசாரிக்கலாமா என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டாள். அவசரப்படாதே என்று மகள் சொன்னாலும், அவள் மனமும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

வாரங்கள் போயின. அவன் சொல்வதில் பாதி புரியாதபோதும் அவள் தலையாட்டினாள். நிறுத்தினால் அவன் நின்றுவிடுவானோ என்ற பயம். புரியாததை மதிய உணவு நேரத்தில் ஆலையில் உட்கார்ந்து புத்தகத்தில் தேடுவாள். மெல்ல மெல்ல விளங்க ஆரம்பித்தது. ஒருநாள் பொத்தானை அழுத்திப் பொறி பறந்தபோது, அந்த நீல வெளிச்சத்துக்குள் எத்தனை கோடி எலக்ட்ரான்கள் நிலை மாறுகின்றன என்று நினைத்து, முடிவைச் சொல்ல மறந்து நின்றாள். உலைக்காரர் கதவைத் திறந்து, இன்றைக்கு வேலை வைக்கவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பால்கனிக்குப் போனபோது கிளிப்புகள் ஏற்கெனவே மாட்டியிருந்தன. முதல் அடுக்கில் மூன்று. நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று, குறுக்காக ஒன்று.

கை தவறி மாட்டியிருப்பான் என்று நினைத்து அதை எடுக்கப் போனாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மூணாவது எதுக்குடா? அங்க ரெண்டுதானே நிக்கும்?"

"அது நாம பேசறதைக் கேக்கறதுக்கு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். "நாலு எண்ணும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"அஞ்சாவது எண் ஒண்ணு இருக்குக்கா. புத்தகத்துல போடமாட்டாங்க. எனக்கு மட்டும் குடுத்திருக்காங்க." குரலைத் தாழ்த்தினான். "சுவத்துக்குள்ள இருக்கறதுக்கெல்லாம் அது தெரியும்."

அவன் விடாமல் பேசினான். அழகாக, கோர்வையாக, கையசைத்துப் பேசினான். ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் இதற்கும் தலையாட்டியிருப்பாள். இப்போது அவளுக்குப் புரிந்தது. ஒரு வார்த்தைகூடச் சரியில்லை என்பது புரிந்தது.

அன்று முழுவதும் அவன் முன்பு சொன்னவற்றை ஒவ்வொன்றாக நினைவில் இழுத்துப் பார்த்தாள். குரோமியத்தில் ஒரு எலக்ட்ரான் வழக்கமான இடத்தை விட்டு வேறு இடத்தில் போய் உட்காரும் என்றானே, அது உண்மை, புத்தகத்திலேயே இருந்தது. இரண்டாவது எண் சில நாட்களில் முதல் எண்ணைத் தாண்டிப் போகும் என்றானே, அது பாடமில்லை. உன் உடம்பில் இருப்பதும் இந்தச் சுவரில் இருப்பதும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் என்றானே, அதுவும் இல்லை. எவ்வளவு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. அம்மாவும் அவளும் மகிழ்ந்து போயிருந்த மாலைகளிலேயே ஆரம்பித்திருந்தது. அவள்தான் எதிரே உட்கார்ந்து, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஓர் உச்சிவேளையில் அவன் வீட்டிலுள்ள சுவிட்சுப் பெட்டிகளையெல்லாம் பெயர்த்துக் கம்பிகளை வெளியே இழுத்துப் போட்டான். தடுக்கப் போன அம்மா கீழே விழுந்தாள். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து மெயினை அணைத்தார்கள். அவள் ஆலை உடுப்போடு வந்து சேர்ந்தபோது, அவன் மூலையில் குந்தியபடி, யாரும் தொடாதீங்க, எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கு என்று எல்லோரையும் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருத்துவர் பொறுமையான பெண். அவரிடம் இவள் பால்கனிப் பாடங்களைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

"நான் கேட்டதாலதானா டாக்டர்?"

"நீங்க கேக்காட்டியும் வந்திருக்கும்மா."

இது எல்லோருக்கும் சொல்கிற பதிலா, தனக்கென்று சொன்னதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பழையபடி ஆகிவிடுவானா என்று அம்மா கேட்டதற்கு, அமைதியாக இருப்பான் என்றார் மருத்துவர். அந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று அம்மா வீடு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவன் வார்டில் இருந்தபோதே தேர்வு வந்தது. போகாமல் இருந்திருக்கலாம், வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் போனாள். எலக்ட்ரானின் நிலையைச் சொல்லும் நான்கு எண்களை விளக்குக என்று ஒரு கேள்வி இருந்தது. அவன் நன்றாக இருந்த நாட்களின் வாக்கியங்களாகப் பொறுக்கிப் பொறுக்கி எழுதினாள். தேறிவிட்டாள். ஆலையில் கைகுலுக்கினார்கள். பதவி ஒன்றும் உயரவில்லை, அந்த இடத்துக்கு வேறொருவரை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள்.

முடிவு வந்த மறுநாள் வார்டுக்குப் போனாள். மருந்தில் அவன் முகம் உப்பியிருந்தது. நாக்கு தடித்து, வார்த்தைகள் தேடித் தேடி வந்தன. நீ சொல்லிக்கொடுத்த பாடத்தில் தேறிவிட்டேன் என்றாள்.

"என்ன பாடம்?"

சொன்னாள். எலக்ட்ரான், நிலைகள், நான்கு எண்கள். அவன் கவனமாகக் கேட்டான், ஒரு விருந்தாளி சொல்வதைக் கேட்பதுபோல.

"கஷ்டமான பாடமா?"

"ஆமாடா. கொஞ்சம் கஷ்டம்."

அவன் தலையாட்டினான். பிறகு கண் சொருகித் தூங்கிப்போனான். போர்வையை இழுத்துவிட்டு, பார்வையாளர் நேரம் முடியும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். நன்றாகத் தூங்குகிறான் என்று சொல்லலாம். அதுவரைக்கும் பொய் இல்லை.