பத்தொன்பது அடுப்பும் நிரஞ்சனியும்

நிரஞ்சனி என்ற பெயரைப் பரிமளம் முதன்முதலில் கேட்டது தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கும்போது. பக்கத்துக் காம்பரா பாலம்மா குடத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"கேட்டியா அக்கா, எங்க தினேஸு தெல்தெனியாவுலருந்து ஒருத்தியக் கூட்டியாந்து நிக்கிறான். பேரு நிரஞ்சனியாம். பேரு மட்டுந்தான் இருக்கு, மாத்திக்கட்ட ஒரு துணி இல்ல."

"யாரு மக?" என்று கேட்டாள் பரிமளம். யாரைப் பற்றிச் சொன்னாலும் அவள் முதலில் கேட்பது அதைத்தான்.

"அம்மா செத்துட்டாளாம். அப்பன் எங்க இருக்கான்னே தெரியாதாம்."

அந்தப் பெண்ணை மனதில் எந்த வீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்வது என்று பரிமளத்துக்குப் பிடிபடவில்லை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் முப்பத்தொரு வருஷம் ஆயாவாக இருந்தவள் அவள். ஒற்றை அறைக் காம்பரா பத்து ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்ற அந்த லயத்தில் பிறந்த அத்தனை பிள்ளைகளும் அவள் மடியில் மூத்திரம் பெய்தவர்கள்தான். யாருக்கு யார் மச்சான், எந்தச் சண்டையில் எந்த அண்ணன் தம்பி எந்த மாதம் உலை பிரித்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது.

உலை பிரிப்பது என்பது அங்கே பெரிய காரியம். மகன் கல்யாணம் கட்டினால் அவனுக்குத் தனி வீடு எவன் தரப்போகிறான்? இஸ்தோப்பு என்ற முன் திண்ணையில் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி, மூலையில் மூன்று கல்லை வைத்து, புதுப்பெண் தனியாக உலை ஏற்றினால் அன்றிலிருந்து அது தனிக் குடும்பம். மொய் எழுதினாலும் திருவிழாவுக்கு வரி பிரித்தாலும் அடுப்புக்கு இவ்வளவு என்றுதான் கேட்பார்கள். தோட்டத்து ஒபிசுக்கு மட்டும் அது என்றைக்கும் தெரிந்ததில்லை. அவர்களுக்கு ஒரு கதவு என்றால் ஒரு குடும்பம்.

தினேஸ் நிரஞ்சனியோடு மூன்று வருஷம் குடும்பம் நடத்தினான். பிறகு வத்தளைப் பக்கம் வேலைக்குப் போனான். முதலில் கிழமைக்கு ஒரு போன், பிறகு மாதத்துக்கு ஒரு போன், பிறகு அங்கே இன்னொருத்தியும் ஒரு கைப்பிள்ளையும். அந்தச் செய்தி வந்த வருஷமே பாலம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பெற்ற மகன் எட்டிப் பார்க்கவில்லை. நிரஞ்சனிதான் விடிந்ததும் மாமியாரைக் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டி, பஸ் பிடித்துப் பிலிமத்தலாவைக்குப் போய் ஒரு போன் கடையில் நின்றுவிட்டு, பொழுது சாய வந்து மறுபடியும் கழுவினாள். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த லயத்து வாய்கள், "புருசன் இல்லாத வீட்டுல இவளுக்கு என்ன கெடக்கு?" என்று பேசின. பேசியவர்களில் ஒருத்தியாவது ஒரு நாள் அந்தப் பீத்துணியை அலசியிருப்பாளா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராப் படியில் உட்கார்ந்து நிரஞ்சனி போனை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத பழைய போன். கடை முதலாளி, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்திருந்தார்.

"என்னடி அது, சொறிஞ்சிக்கிட்டே இருக்க?"

"ஊர் கட்டுறேன் பெரியம்மா. வெளையாட்டு."

பரிமளம் எட்டிப் பார்த்தாள். எல்லாமே கட்டை கட்டையாக இருந்தது. மண்ணும் சதுரம், மரமும் சதுரம், சூரியன்கூடச் சதுரம். மரத்தை வெட்டிப் பலகையாக்கலாம், கல்லை உடைத்துச் சுவர் எழுப்பலாம். வீடு கட்டிவிட்டால் ஆட்கள் வந்து குடியிருப்பார்களாம். அவர்களுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும், வேலைக்கு மேசை கொடுக்க வேண்டும், இருட்டினால் வரும் பிசாசுகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும்.

"கோழி இருக்கா?"

"இருக்கு. சதுரக் கோழி."

"தொரை?"

"தொரையே கெடையாது பெரியம்மா. ஒரு மணி மட்டும் இருக்கு. அடிச்சா எல்லாரும் ஓடிப்போயி வீட்டுக்குள்ள பூந்துக்குவாங்க."

"நம்ம ஊருல சங்கு ஊதினா வேலைக்கு வெளிய ஓடிவரணும். ஒன் ஊரு தலகீழால்ல இருக்கு!"

நிரஞ்சனி முதலில் தெரிந்ததைத்தான் கட்டினாள். பத்துக் காம்பரா, ஒரே கூரை, காம்பராவுக்கு ஒரு கட்டில். ஆட்கள் அதில் நிலைக்கவில்லை. பத்துப் பேர் படுத்தார்கள், மற்றவர்கள் முற்றத்தில் முழித்துக்கொண்டு நின்றார்கள், பிசாசு வந்து தின்றது. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"ஆளுக்கொரு கட்டில் வேணுமாம் பெரியம்மா. கட்டில் இல்லாத ஆளு ஊர்க் கணக்குலயே இல்லியாம்."

பரிமளம் முதலில் சிரித்தாள். "நாங்க ஒரு காம்பராவுல ஒம்பது பேரு, தல ஒரு பக்கம் காலு ஒரு பக்கம்னு கெடந்தோம்டி" என்றாள். சொல்லி முடிக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டுப் பொம்மைக்கு இருக்கிற சட்டம், நூற்றைம்பது வருஷமாகக் கொழுந்து பறித்த சனத்துக்கு இல்லையா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே படியில் வந்து உட்கார்ந்தாள். "கட்டுறதக் கட்டுற, ஒழுங்காக் கட்டு. நான் சொல்றேன், நீ கட்டு."

ஒன்றரை வருஷ ஞாயிறுகள் அப்படிப் போயின. போனில் ஒரு பள்ளத்தில் லயத்தை உள்ளது உள்ளபடி கட்டினாள் நிரஞ்சனி. எந்தக் காம்பராவில் எத்தனை அடுப்பு, எந்த மூலையில், யாருடையது என்று பரிமளம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு அடுப்பின் மேலும் ஒரு சின்னப் பலகை வைத்துப் பேர் எழுதினாள். எண்ணிப் பார்த்தால் பத்துக் கதவுக்குள் பத்தொன்பது அடுப்பு. பிறகு மேட்டில் பத்தொன்பது தனி வீடு. ஒவ்வொன்றுக்கும் முற்றம், வேலி, முன்னால் பேர்ப்பலகை. லயத்துக்காரர்கள் பார்த்துவிட்டு, "எனக்கு மாடி வச்சித் தாம்மா" என்று நையாண்டி பண்ணினார்கள்.

அந்த வருஷக் கார்த்திகை மழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து மண் சரிந்தது. ஆள் சாகவில்லை, ஆனால் சுவரெல்லாம் பிளந்துவிட்டது. எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பாதுகாப்பான இடத்தில் அரசாங்கம் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் அளவு நிலமும் ஒரு வீடும் கொடுக்கும் என்றார்கள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சேதுராமன் பட்டியலை ஒட்டினார். பத்துக் கதவு, பத்துப் பேர். மீதி ஒன்பது குடும்பம் எங்கே போவதாம், காற்றிலா தொங்குவது?

கலகெதரை அரசாங்க அலுவலகத்திலிருந்து ஸமீம் என்ற உத்தியோகத்தர் கோப்போடு வந்தார். பரிமளம் அவரைப் பள்ளிக்கூட வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் என்னத்த செய்ற? ஒபிஸ் லிஸ்ட்ல பத்து வீடுதானே ஈக்கிது" என்றார் ஸமீம்.

நிரஞ்சனி போனை நீட்டினாள். "இதையும் பாருங்க சேர்."

சேதுராமன் வாய்விட்டுச் சிரித்தார். "சின்னப்புள்ளைங்க வெளையாட்டக் கொண்டாந்து கவர்மெண்டுக்குக் காட்டுறா! நாளைக்கு இவ கோழிக்கும் ஏழு பேர்ச்சஸ் கேப்பா."

"கேட்டாலும் கேப்பேன் கிளாக்கரய்யா" என்றாள் நிரஞ்சனி. "இதுல கோழிக்குக்கூட எடம் இருக்கு. நீங்க கதவ எண்ணியிருக்கீங்க, நான் அடுப்ப எண்ணியிருக்கேன். வாங்க, நாலாம் நம்பர் காம்பராவுக்குப் போவோம். இஸ்தோப்புல எடது மூலையில செவத்துல கரி இல்லாட்டி, இந்தப் போன நானே பள்ளத்துல வீசிடுறேன்."

போனார்கள். வெடித்த சுவரின் இடது மூலையில், ஆள் உயரத்துக்குக் கரி ஏறியிருந்தது. ஐந்தாம் நம்பரிலும் போனில் காட்டிய மூலையில் கரி இருந்தது. ஏழாம் நம்பரில் சுவர் வெள்ளையாக இருந்தது. சேதுராமன் கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப?" என்றார்.

"தீபாவளிக்கு சுண்ணாம்பு அடிச்சது அது. செத்துப்போன சின்னமுத்துவோட ரெண்டாவது மகன் பிரிச்ச ஒல" என்றாள் பரிமளம். "சொரண்டிப் பாருங்க தம்பி."

ஸமீம் பேனா மூடியால் சுரண்டினார். கீழே கறுப்பு. அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு காம்பராவாகப் போய், பலகையில் இருந்த பேரையும் சுவரில் இருந்த கரியையும் பார்த்துப் பார்த்து, பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார்.

லயமே நிரஞ்சனியைக் கொண்டாடியது. ஒரு கிழமைக்கு.

வீடு கட்டி முடிவதற்குள் பாலம்மா பள்ளிக்கூடத்துப் பாயிலேயே கண்ணை மூடினாள். உயிரோடு இருந்தபோது வராத தினேஸ் எட்டாம் நாள் வந்தான், வத்தளைக்காரியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. புது வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, கொடுக்கிற அன்று பேர் வாசித்தார்கள். பாலம்மாவின் வீடு மகன் தினேஸுக்கு.

பரிமளம் எழுந்துவிட்டாள். "நில்லுங்க தம்பி! இந்த ஊரையே எண்ணிக் குடுத்தவ இங்க நிக்கிறா. அவளுக்கு எங்க வீடு?"

ஸமீம் தாள்களைப் புரட்டினார். கோயிலில் கட்டிய தாலி, பதிவு இல்லை. அடையாள அட்டை இன்னும் தெல்தெனிய விலாசத்தில். அவர் மெதுவாகக் கேட்டார். "நீங்க ரெண்டு பேருந்தானே அம்மா சொன்ன, அடுப்ப எண்ணணும்னு. இவங்களுக்குத் தனி அடுப்பு ஈந்திச்சா?"

நிரஞ்சனிதான் பதில் சொன்னாள். "இல்ல சேர். மாமியோட அடுப்புலதான் ஆக்கினேன்."

"அந்த அடுப்புக்கு வெறகு சொமந்தது யாரு?" பரிமளம் தினேஸைப் பார்த்துக் கத்தினாள். "ஒன் ஆத்தாவுக்குப் பீ அள்ளுனது யாரு? வெக்கமில்லாம நீட்டுறியே கைய!"

தினேஸ் தரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டித் திறப்பை வாங்கினான். அவள் புண்ணியத்தில் வீடு கிடைத்த ஒன்பது குடும்பமும் அங்கேதான் இருந்தது. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. பேசினால் தங்கள் திறப்புக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். தூ, என்ன பிறவிகள்!

வெளியே வந்ததும் பரிமளம் நிரஞ்சனியைப் போனை எடுத்து அந்த மேட்டு ஊரைக் காட்டச் சொன்னாள். ஒவ்வொரு பேர்ப்பலகையாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பத்தொன்பது முடிந்தது.

"ஒன் வீடு எது?"

"எனக்குக் கட்டல பெரியம்மா. நீங்க சொன்ன பேரத்தான் எழுதினேன்."

அதைக் குத்திக் காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. ஆனால் பரிமளத்துக்கு அது சுட்டது. நாலு தலைமுறைப் பேரை ஒப்பிக்கத் தெரிந்த வாய், ஒன்றரை வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பேரை ஒரு தடவை சொல்லவில்லை. யாருடைய மகள் என்று தெரியாததால் அவளை எங்கேயும் சேர்க்கவில்லை. கிளாக்கர் செய்ததற்கும் தான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோது, தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"என் வீட்டுக்கு வாடி. இஸ்தோப்புல சேல கட்டித் தாரேன்."

"சேல மறைப்புல இருந்தது போதும் பெரியம்மா" என்றாள் நிரஞ்சனி.

நிரஞ்சனிக்கு ஒரு வீடு கேட்டு ஸமீமிடம் பரிமளம் மூன்று மனுக் கொடுத்திருக்கிறாள், மூன்றிலும் கைநாட்டு வைத்து. பதில் வரவில்லை. நாலாவதும் கொடுப்பாள். தினேஸ் வீட்டில் அவள் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

நிரஞ்சனி இப்போது பிலிமத்தலாவையில், வேலை செய்யும் போன் கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் இருக்கிறாள்.